எட்டுப் போட்டால் போதுமா?

நடுவர் அவர்களுக்கும், சாலைப் பாதுகாப்பு மாத விழா என்று சொல்லிப் பாதிச் சாலையை மறித்து மேடை போட்டிருக்கும் விழாக் குழுவினருக்கும், விழுப்புரத்துப் பெரியோர்களுக்கும், வாசலில் மூன்று மூன்று பேராக வண்டியில் வந்து இறங்கிய தம்பிகளுக்கும் வணக்கம்.

இளம் பிள்ளைகள் வண்டி ஓட்டிப் பத்திரமாக வீடு திரும்பப் பெரிதும் உதவுவது கடுமையான சட்டமா, முறையான பயிற்சியா என்பது தலைப்பு. எனக்குக் கொடுத்த பக்கம் பயிற்சி. கொடுக்காவிட்டாலும் கேட்டு வாங்கியிருப்பேன்.

எதிரணித் தலைவர் சட்டப் புத்தகத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மோட்டார் வாகனச் சட்டம், 2019 திருத்தம், 199ஏ பிரிவு. பதினெட்டு ஆகாத பிள்ளை வண்டியை எடுத்துக் குற்றம் செய்தால் பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. சொல்லி முடித்ததும் பலத்த கைதட்டல். ஐயா, நானும்தான் தட்டினேன். அந்தச் சட்டம் வேண்டாம் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை.

ஆனால் அது 2019 செப்டம்பரிலிருந்தே நடப்பில் இருக்கிறதே. 2024 மே மாதம் புனேயில் என்ன நடந்தது? நள்ளிரவு தாண்டி ஒரு போர்ஷே கார் மோதி, பைக்கில் போன இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். காரை ஓட்டியதாக வழக்குப் பதிவானது 17 வயதுப் பையன் மேல். சில மணி நேரத்தில் ஜாமீன். அதற்கு வைத்த நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்தைப் பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுத வேண்டும் என்பது. நாடே கொதித்த பிறகுதான் உத்தரவை மாற்றினார்கள். இந்த மேடையில் நான் வணக்கம் சொல்லி முடிக்கவே நூறு சொல் ஆகிவிடும், நடுவர் அவர்களே. அதே 199ஏ அன்றும் புத்தகத்தில்தான் இருந்தது. அது எழுந்து வருவதற்குள் இரண்டு பேர் போய்விட்டார்கள்.

சரி, சட்டத்தை மீறிய பிள்ளையை விடுங்கள். மீறாத பிள்ளையைப் பார்ப்போம். பதினெட்டு வரை வண்டியைத் தொடாத தங்கமான பையன். பிறந்தநாள் முடிந்ததும் எல்.எல்.ஆர். போடுகிறான். முப்பது நாள் கழித்து லைசென்ஸ் தேர்வுக்குப் போகலாம். அங்கே நடப்பதை இங்கே இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானம், மர நிழலில் நாற்காலி, அதில் பிரேக் இன்ஸ்பெக்டர். கட்டத்துக்குள் எட்டுப் போட வேண்டும். பையன் முதல் கியரிலேயே, கிளட்ச்சைப் பாதி பிடித்தபடி, நடந்து போகிறவரை விடக் கொஞ்சம் வேகமாக, மூச்சை அடக்கிக்கொண்டு வளைகிறான். கால் தரையில் பட்டால் பெயில். படவில்லை, பாஸ். வெளியே அப்பா இனிப்போடு நிற்கிறார்.

இதில் அவன் இரண்டாம் கியர் போட்டானா? கண்ணாடியில் பின்னால் பார்த்தானா? திடீர் பிரேக் பிடித்தானா? எதுவும் இல்லை. எட்டு என்பது நிதானத்துக்கான சோதனை. அதைக் குறை சொல்லவில்லை, அது வேண்டியதுதான். ஆனால் மைதானத்துக் கேட்டைத் தாண்டினால் எதிரே திருச்சி நெடுஞ்சாலை. அந்த எட்டை அங்கே எந்த இடத்தில் போடுவான்?

நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொன்னால் புரியும். கரும்பு வெட்டுக் காலத்தில் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டரைப் பாருங்கள். டிரெய்லரை விட இரண்டு பக்கமும் அகலமாகக் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். பின்விளக்கு இருந்தாலும் தோகை மறைத்திருக்கும். இரவு எட்டு மணி, எதிரே பஸ் ஹெட்லைட்டை முழுசாகப் போட்டுக்கொண்டு வருகிறது. அந்த வெளிச்சம் கண்ணில் விழும்போது இருட்டில் முன்னால் என்ன நிற்கிறது என்று தெரியாது. அனுபவப்பட்டவர் என்ன செய்வார்? கண்ணை இடதுபக்க வெள்ளைக் கோட்டில் வைத்து, ஆக்சிலேட்டரைத் தளர்த்திவிடுவார். முன்னால் எதுவும் இல்லாவிட்டாலும் தளர்த்துவார். பதினெட்டு வயதுக்காரன் என்ன செய்வான்? பஸ் கடந்ததும் முந்தலாம் என்று முறுக்குவான். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும். ஐம்பத்தைந்து அடி. தோகை கண்ணில் பட்டு, மூளைக்குப் போய், கால் பிரேக்குக்கு வருவதற்குள்ளேயே அந்த ஐம்பத்தைந்து அடி செலவாகிவிடும். அதற்குப் பிறகுதான் பிரேக்கே வேலை செய்ய ஆரம்பிக்கும். இன்னொன்று, வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்கு. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் படித்துத்தான் வருகிறான். ஆனால் அது வண்டிக்கும் பொருந்தும் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை.

சொல்லிக் கொடுத்தது யார்? கார் என்றால் டிரைவிங் ஸ்கூல் உண்டு. குறைந்தது 21 நாள், வண்டியில் பத்து மணி நேரம் என்று விதி இருக்கிறது. ஒரே காரில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போய் ஆளுக்கு ஒரு ரவுண்டு கொடுத்தால் அந்தப் பத்து மணி நேரம் எந்தக் கணக்கில் வரும் என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பைக்குக்கு? ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானம், பக்கத்து வீட்டு அண்ணன், 'கிளட்ச்சை மெதுவா விடுடா'. பாடத்திட்டம் முடிந்தது. கூடவே ஒரு பொன்மொழியும் இலவசம்: 'முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிடும்.' வண்டியை நிறுத்தும்போது எடையில் பெரும்பகுதி முன் சக்கரத்துக்குத்தான் போகும். நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தப் பழக்கவேண்டும். பழக்காததால் நம் பிள்ளைகள் பின் பிரேக்கை மட்டும் மிதித்து, சக்கரம் பூட்டி, சறுக்கிக்கொண்டு போய்த்தான் மோதுகிறார்கள். எந்த அபராதம் இதைத் திருத்தும்?

சட்டத்தின் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 16 வயதில் 50 சிசி வரையுள்ள, கியர் இல்லாத வண்டி ஓட்டலாம் என்று 1988 சட்டம் அனுமதிக்கிறது. நல்ல எண்ணம்தான், சின்ன வண்டியில் பழகட்டும் என்று. இன்று ஷோரூமில் போய் 50 சிசி பெட்ரோல் வண்டி கேட்டுப் பாருங்கள். மொபெட்டே நூறு சிசி ஆகிவிட்டது. டியூஷனுக்குப் போகும் பிளஸ் டூ பிள்ளை ஓட்டுவதெல்லாம் நூற்றுப்பத்து, நூற்றிருபத்தைந்து. அதைத் தெரிந்தேதான் வாங்கிக் கொடுக்கிறோம். 'என் பையன் ஆறாவது படிக்கும்போதே ஓட்டுவான்' என்று சொந்தக்காரர்களிடம் பெருமையும் பேசுகிறோம்.

எதிரணியில் பேசிய அம்மா ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள். பயிற்சி கொடுத்தால் தலைக்கனம்தான் ஏறும், வெளிநாட்டு ஆய்வே சொல்கிறது என்றார்கள். உண்மைதான், மறைக்கமாட்டேன். நார்வேயில் வழுக்கும் சாலையில் வண்டியைச் சமாளிக்கும் வித்தையைக் கட்டாயப் பயிற்சியாக்கினார்கள். இளைஞர்களுக்கு அதே வழுக்குச் சாலையில் விபத்து கூடியது. ஏன்? சறுக்கினால் மீளலாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள், சறுக்கும் இடத்துக்கு முன்னாலேயே வேகத்தைக் குறை என்பது மனதில் பதியவில்லை. வித்தை சொல்லித் தருவது வேறு, சாலையைப் படிக்கச் சொல்லித் தருவது வேறு. நான் வாதாடுவது இரண்டாவதற்கு.

அதற்கும் சான்று இருக்கிறது, அம்மா. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இளம் ஓட்டுநர்களை எட்டு ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். பயிற்சி வகுப்புக்குப் போகாதவர்கள் காயமோ உயிரிழப்போ உள்ள விபத்தில் சிக்கும் வாய்ப்பு, போனவர்களை விட 24 சதவீதம் கூடுதல். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 25 வயதுக்குள் லைசென்ஸ் கேட்கிறவர்கள், பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவரை உட்கார வைத்து 120 மணி நேரம் ஓட்டி, குறிப்பேட்டில் எழுதிக் காட்டவேண்டும். அதில் 20 மணி நேரம் இரவில். நம் பையனுக்கு இரவு ஓட்டம் எப்போது தொடங்குகிறது? லைசென்ஸ் வாங்கிய அன்று ராத்திரி, நண்பர்களோடு பரோட்டா சாப்பிடப் போகும்போது.

2022-ல் நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு, 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். அன்றைக்கும் ஹெல்மெட் சட்டம் இருந்தது, வேகக் கட்டுப்பாடு இருந்தது, கேமரா இருந்தது.

மணியில் கை வைத்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அடுத்து வரும் எதிரணி நண்பருக்கு ஒரு கேள்வி. பையனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, லைசென்ஸ் பையில் இருக்கிறது, ஹெல்மெட் தலையில் இருக்கிறது, வேகம் வரம்புக்குள் இருக்கிறது, ஆவணம் எல்லாம் சரி. முன்னால் கரும்பு டிராக்டர், எதிரே பஸ். அந்த இடத்தில் உங்கள் சட்டத்தின் எந்தப் பிரிவு அவன் கையைப் பிடிக்கும்? பிரிவு எண்ணைச் சொன்னால் நானே உங்கள் அணிக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறேன். நன்றி, வணக்கம்.