முப்பத்தாறு அணிகள், ஒரே பட்டியல்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். ஐரோப்பியக் கோப்பை என்ற பெயரில் 1955-இல் தொடங்கி, 1992 முதல் சாம்பியன்ஸ் லீக் என்று வழங்கிவரும் கால்பந்துப் போட்டி, 2024-25 பருவத்தில் தன் அமைப்பைப் பெரிதும் மாற்றிக்கொண்டது. அதுவரை 32 கழகங்கள் எட்டுப் பிரிவுகளில் ஆடின. இப்போது பிரிவுகளே இல்லை, 36 கழகங்களும் ஒரே புள்ளிப் பட்டியலில் நிற்கின்றன.

ஆயினும் எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. அணிகளை ஒன்பது ஒன்பதாக நான்கு தொகுப்புகளில் வைத்து, ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் இரண்டு எதிரணிகளைக் குலுக்கலில் ஒதுக்குகிறார்கள். மொத்தம் எட்டு ஆட்டங்கள். அவற்றுள் நான்கு சொந்த மைதானத்தில். முதல் எட்டு இடத்தினர் நேரே கடைசிப் பதினாறு அணிகளின் சுற்றுக்குச் செல்ல, 9 முதல் 24 வரையிலான அணிகள் இரண்டு ஆட்டங்கள் கொண்ட இடைச்சுற்றில் மோத வேண்டும். எஞ்சியவை வெளியேறும், முன்போல அடுத்த நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கில் இறங்கி ஆடும் வாய்ப்பும் இல்லை.

இந்தப் பட்டியல் எவ்வளவு கறாரானது என்பதற்குக் குரோஷியாவின் டினாமோ சாக்ரெப் அணியே சான்று. 2024-25 பருவத்தில், பட்டியல் ஆட்டங்களின் கடைசி நாளில் ஏசி மிலானை 2-1 என வென்று, 24-ஆம் இடம் பெற்ற கிளப் புரூஜைப் போலவே 11 புள்ளிகளோடு முடித்தும், கோல் வித்தியாசத்தில், அதாவது அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்த கணக்கில், பின்தங்கி 25-ஆவதாக வெளியேறியது. புரூஜுக்கு மைனஸ் நான்கு, சாக்ரெபுக்கு மைனஸ் ஏழு. செப்டம்பரில், முதல் ஆட்டத்திலேயே பயர்ன் மியூனிக்கிடம் 9-2 எனத் தோற்றதன் விலை அது. மற்ற ஏழு ஆட்டங்களிலும் அடித்த கோலும் வாங்கிய கோலும் சமமே.

தோற்றவர் வெளியேறும் நாக் அவுட் கட்டத்திலோ இந்தக் கணக்குக்கு மதிப்புக் குறைவு. பட்டியலில் முதலிடம் பிடித்த லிவர்பூலை, 15-ஆம் இடத்தில் முடித்து இடைச்சுற்று வழியே வந்த பாரிஸ் சென் ஜெர்மேன், கடைசிப் பதினாறிலேயே பெனால்டியில் வீழ்த்தியது. பின்னர் மியூனிக்கில் நடந்த இறுதியாட்டத்தில் இன்டர் மிலானை 5-0 என வென்று கோப்பையையும் கைப்பற்றியது. முதலிடத்துக்குக் கிடைக்கும் சலுகை போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது. 2025-26 முதல், பட்டியலில் முன்னணியில் முடித்த அணிகள் காலிறுதியிலும் அரையிறுதியிலும்கூட இரண்டு ஆட்டங்களில் இரண்டாவதைச் சொந்த மைதானத்தில் ஆடலாம் என்று விதி திருத்தப்பட்டிருக்கிறது.