மருதாணி சிவக்க

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடி பிறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால், எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் மருதாணிக் கொப்பை ஒடிக்காத வீடு இருக்காது. கொட்டைப்பாக்கும் கொஞ்சம் புளியும் சேர்த்து அம்மியில் மைய அரைப்பார் அம்மாச்சி. விரல் நுனிகளுக்குத் தொப்பி, உள்ளங்கையில் ஒரு வட்டம், சுற்றிலும் பொட்டுகள். விடியும்போது பாதி தலையணையில் இருக்கும். அந்தச் சிவப்புக்கு ஈடில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் பச்சிலை விழுதில் மெல்லிய கோடு இழுக்க முடியாது. கல்யாணப் பெண்ணுக்கு முழங்கை வரை கொடியும் மயிலும் வேண்டுமென்றால் பொடிதான் சரி.

பொடிக்கான இலையை ஆடியில் பறிக்காதீர்கள். பங்குனி, சித்திரையில், வயல் காய்ந்து கிடக்கும்போது பறியுங்கள். வறண்ட வெயிலில் வளர்ந்த இலையில்தான் சாயம் கூடுதல். ராஜஸ்தானில் சோஜத் மருதாணிக்கு அவ்வளவு பெயர் இருப்பதற்கு அந்த ஊர் வெயிலும் ஒரு காரணம். 2021-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இலையைக் கூடத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் பழுப்பேறிவிடும். கையில் நொறுக்கினால் சலசலவென்று உதிர வேண்டும். பிறகு மிக்ஸியில் அரைத்து, பழைய நைலான் புடவைத் துண்டில் இரண்டு முறை சலியுங்கள். ஒரேயொரு நரம்புத் துணுக்கு தங்கினாலும் கோன் நுனி அடைத்துக்கொள்ளும். அமுக்கினால் விழுது பிதுங்கி, மயிலின் கழுத்து வாத்தாகிவிடும்.

100 கிராம் பொடிக்கு 30 கிராம் சர்க்கரை, வடிகட்டிய எலுமிச்சைச் சாறு சுமார் 300 மில்லி, லாவெண்டர் தைலம் 30 மில்லி. சாற்றை ஒரேயடியாக ஊற்றாமல், தோசை மாவைவிடக் கெட்டியாக வரும்வரை மட்டும் சேருங்கள். நீலகிரித் தைலமும் நிறம் கொடுக்கும். ஆனால் குழந்தைகளுக்கு வேண்டாம். கிராம்புத் தைலம் சிலருக்கு எரியும்.

கலந்தவுடன் இடக்கூடாது. இலையில் இருக்கும் லாசோன் என்ற சாயம் புளிப்பில் மெல்லத்தான் வெளியே வரும். நம் ஊர்ச் சூட்டில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் மூடி வையுங்கள். மேல்பரப்பு பழுப்பாகி, கரண்டியால் கிளறினால் உள்ளே பச்சையாகத் தெரியும். ஒரு பொட்டை உள்ளங்கையில் வைத்து ஐந்து நிமிடத்தில் துடைத்துப் பாருங்கள். ஆரஞ்சுக் கறை தெரிந்தால் தயார். மிஞ்சியதை ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். வெளியே விட்டால் மறுநாளே வீரியம் போய்விடும்.

கையில் ஆறு மணி நேரமாவது இருக்கட்டும். காய்ந்ததைத் தண்ணீரில் கழுவாமல் சுரண்டி எடுத்து, தேங்காயெண்ணெய் தடவுங்கள். ஒரு நாள் கையில் தண்ணீர் படாமல் இருந்தால் நல்லது. எடுத்தவுடன் பூசணிப்பழ நிறத்தில் இருக்கிறதே என்று பலர் கலங்கிப்போவார்கள். காற்றுப் பட்டு இரண்டு நாளில் அதுவே கருஞ்சிவப்பாகும். புறங்கை மட்டும் உள்ளங்கை அளவுக்குச் சிவக்காது. அங்கே தோல் மெல்லியது, சாயம் பிடிக்க இடம் குறைவு.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். அரை மணியில் கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கும் கோனை வாங்காதீர்கள். மருதாணிக்குக் கறுப்பு நிறம் கிடையாது. அப்படிக் கறுக்க வைப்பது பெரும்பாலும் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற ரசாயனம். என் தங்கை மகளுக்கு ஒரு கல்யாணத்தில் அப்படி இட்டு, கொடி போட்ட இடமெல்லாம் கொப்புளம் எழும்பிவிட்டது. அந்தக் கொடியின் தழும்பு பல மாதம் அவள் கையில் இருந்தது. கைக்குழந்தைகளுக்கோ, எந்த மருதாணியும் இட வேண்டாம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு இருக்கும் குழந்தைக்கு இரத்த அணுக்களே சிதைந்துபோகும்.

வியாழக்கிழமை முகூர்த்தம் என்றால் பெண்ணுக்குத் திங்கள் ராத்திரியே இட்டுவிடுங்கள். தாலி கட்டும் நேரத்தில் கை சரியாகச் சிவந்திருக்கும்.

நன்றி, வணக்கம்.