சான்றிதழும் கையெழுத்தும்

நேயர்களுக்கு வணக்கம். பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு ஆடிட், அதாவது வெளியாள் வந்து ஆலையைச் சோதிப்பது என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாளே தரையைக் கழுவி, அடைத்துக் கிடந்த வழியைத் திறந்து, யார் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஆடிட்டர் கிளம்பியதும் எல்லாம் பழையபடி.

2012 செப்டம்பரில் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலை எரிந்தது. ஜன்னல்களில் கம்பி, வாசல்களில் பூட்டு. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலை எஸ்ஏ 8000 என்ற சர்வதேசச் சான்றிதழ் வாங்கியிருந்தது. ஆடிட் செய்து, தொழிலாளர்களின் வேலை நிலைமை சரி என்று தருவது அது.

அடுத்த ஏப்ரலில் டாக்கா அருகே ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து விழுந்தது. அங்கே ஐந்து ஆடை ஆலைகள் இருந்தன. முந்தின நாள் சுவரில் விரிசல் விழுந்தது. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. தையல் மெஷினில் உட்காரும் பெண்களை மட்டும் மறுநாள் உள்ளே வரச் சொன்னார்கள். விரிசலை அவர்களும் பார்த்தவர்கள்தான். வராவிட்டால் சம்பளம் கிடையாது என்றார்கள்; எதிர்த்துப் பேசச் சங்கம் இல்லை. 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கே பேசினாலும் அந்த வங்கியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அதே கட்டடம், அதே விரிசல். வங்கிக்காரர் உயிருக்கு ஒரு கணக்கு, தைக்கிறவர் உயிருக்கு வேறு கணக்கு.

அதன்பின் வந்ததுதான் ஆலைகளின் தீ, கட்டடப் பாதுகாப்புக்கான பங்களாதேஷ் அக்கார்டு. இந்த ஆலைகளில் ஆடை வாங்கும் 200க்கு மேற்பட்ட பிராண்டுகள் தொழிற்சங்கங்களோடு கையெழுத்திட்டன. இது சான்றிதழ் அல்ல, ஒப்பந்தம். ஆய்வறிக்கையை யாரும் பார்க்கலாம். பழுதைச் சரிசெய்யாத ஆலைக்கு ஆர்டர் கிடையாது. சரிசெய்யப் பணத்துக்கு வழி பண்ணுவது பிராண்டின் கடமை. அந்தக் கடமையைச் செய்யவில்லை என்று சங்கங்கள் ஒரு பிராண்டை ஹேக் நகர நடுவர் மன்றம் வரை இழுத்தன. 2018இல் அது 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. சான்றிதழை வைத்து யாராவது இப்படிக் கேட்க முடியுமா? முடியாது. அதனால்தான் ஒப்பந்தம், ஒப்பந்தம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சரி, நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். நம் திண்டுக்கல்லைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 2021 ஜனவரியில் ஒரு தலித் பெண் தொழிலாளியை அவருடைய சூப்பர்வைசரே கொன்ற பிறகு, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் சங்கம் போராடி, 2022இல் ஆலை நிர்வாகத்தையும் எச் அண்ட் எம் போன்ற பிராண்டுகளையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தது. பாலியல் தொல்லையைக் கவனிக்கத் தொழிலாளர்களே கண்காணிப்பாளர்களாக வேலைத் தளத்தில் இருக்க அந்த ஒப்பந்தம் வழி செய்தது. கூலியைப் பற்றி எடுத்து வைத்திருந்தது அப்படியே நிற்கிறது. வணக்கம்.