ஒய் எங்கே உட்காரும்?

நேயர்களுக்கு வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 26 வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவன் நான். 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே' என்று அடித்துப் பழகியவர்கள் யாராவது இப்போது கேட்டுக்கொண்டிருந்தால், அவர்கள் விரல் தானாக மேஜையில் ஆடும்.

அந்த நாளில் மிஷின் குறைவு, பிள்ளைகள் அதிகம். அடுத்த பேட்ச் பெஞ்சில் காத்திருக்கும். சும்மா விட்டால் அரட்டை. அதனால் ஒரு புதிர் போடுவேன். மேல் வரிசையில் இருக்கிற 10 எழுத்தை மட்டும் வைத்து எவ்வளவு நீளமான ஆங்கிலச் சொல் அடிக்க முடியும்? க்யூ, டபிள்யூ, ஈ, ஆர், டீ, ஒய், யூ, ஐ, ஓ, பீ. ஒரே எழுத்து எத்தனை தடவை வந்தாலும் சரி. முதலில் 'ட்ரீ' வரும். அப்புறம் 'பெப்பர்', 'ரைட்டர்'. பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் மட்டும் எதையும் எழுதாமல் எதிரே இருந்த மிஷினையே வெறித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "சார், டைப்ரைட்டர்!" என்றாள். எண்ணிப் பார்த்தோம், 10 எழுத்து. அத்தனையும் மேல் வரிசை.

அதே வரிசையில் இன்னொரு 10 எழுத்துச் சொல்லும் உண்டு, 'ப்ரொப்ரைட்டர்'. வாசல் போர்டில் என் பெயருக்குக் கீழே அதுதான் எழுதியிருந்தது. எனக்குத் தோன்றவே இல்லை.

நடு வரிசையில் உயிரெழுத்து ஏ ஒன்றுதான். 'ஃப்ளாஸ்க்', தண்ணீர் குடிக்கிற 'க்ளாஸ்', 'சாலட்' என்று கொஞ்சம் தேறும். கீழ் வரிசையில் உயிரே கிடையாது, அங்கே போகாதீர்கள்.

இன்னொரு வகை இருக்கிறது. டபிள்யூ, கே, ஒய் மூன்றும் உள்ளே இருக்க வேண்டும், மற்ற எழுத்து எதுவானாலும் சரி. இங்கேதான் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள். கொடுத்த எழுத்தைச் சொல்லின் முதலில் வைத்தே யோசிப்பார்கள். அகராதி நம்மை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறது. ஆனால் எழுத்துகளுக்கும் வழக்கமான இருக்கை உண்டு. ஒய் பெரும்பாலும் கடைசி பெஞ்ச். டபிள்யூ முன்னால் உட்கார ஆசைப்படும். கே நடுவில். அப்படி உட்கார வைத்துப் பாருங்கள், 'வீக்லி' வரும், 'வீக்டே' வரும், 'விஸ்கி'யும் வரும். இந்தக் கடைசிச் சொல்லுக்குப் புதுச்சேரிக்காரர்கள் மூளையைக் கசக்க வேண்டாம், தெருவில் நாலு போர்டு பார்த்தால் போதும்.

எந்த எழுத்திலிருந்து தொடங்குவது என்பதும் முக்கியம். என்னிடம் இருந்த எல்லா மிஷினிலும் முதலில் மழுங்கிப் போனது ஈ என்கிற கட்டைதான். க்யூ புத்தம் புதிதாக இருக்கும். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர், 1930களில் வேலை இல்லாமல் இருந்தபோது, செய்தித்தாளை வைத்து எழுத்துகளை எண்ணித்தான் ஸ்க்ராபிள் ஆட்டத்தை உருவாக்கினார். ஆங்கில ஸ்க்ராபிளில் 100 வில்லைகள். அதில் ஈ மட்டும் 12, க்யூ ஒன்றே ஒன்று. ஆகவே கொடுத்த எழுத்துகளில் எது அபூர்வமோ அதை முதலில் பிடியுங்கள். க்யூ கிடைத்தால் பக்கத்தில் யூ அநேகமாக வந்தே தீரும். ஈயைப் பிடித்துக்கொண்டு கிளம்பினால் ஊரையே சுற்ற வேண்டியதுதான்.

கையில் பென்சில் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்: ஈ, ஐ, எல், என், எஸ், டீ. ஆறையும் ஒரே தடவை பயன்படுத்த வேண்டும். 'லிசன்' வரும். அதையே கலைத்தால் 'சைலன்ட்'. ராணுவத்தில் சேரும் 'என்லிஸ்ட்', ஜிகினாவுக்குச் சொல்லும் 'டின்சல்', கடல் நிலத்துக்குள் நுழையும் வாய்களான 'இன்லெட்ஸ்'. 'லிசன்' என்று நான் சொல்லும்போது டீ உங்கள் காதுக்கு வந்திருக்காது. வானொலியில் இந்த விளையாட்டுக்கு அது ஒரு சங்கடம்.

கம்ப்யூட்டர் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கச் சொல்லலாம். இந்த ஐந்து சொல்லையும் அடுக்கினால் நான் முதலில் சொன்ன அதே வரிசைதான் வரும். ஒரே வரிசை வந்தவை எல்லாம் ஒரே டப்பாவில். பிறகு டப்பாவைத் திறந்தால் போதும்.

இதைப் புதுசு என்று நினைக்க வேண்டாம். பாட்டு எழுதுகிறவனுக்கு இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் சொல் வேண்டும், முதலெழுத்து அகராதி அவனுக்கு உதவாது. மண்டல புருடர் சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியை எதுகை வரிசையிலேயே அமைத்தார். அகம், நகம், முகம் என்று தேடுகிறவன் ககர எதுகையைப் புரட்டினால் ஆயிற்று. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தபோதும் நான்கில் ஒரு பகுதியைத் தொடை அகராதி என்று அதற்கே ஒதுக்கினார். தேடுகிறவன் கையில் எந்த எழுத்து இருக்கிறதோ, அந்த எழுத்தின்படி சொற்களை அடுக்கி வைத்தார்கள்.

நேரம் ஆகிவிட்டது, நிலையத்தார் கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும் விட்டுப் போகிறேன். இடது கை விரல்களால் மட்டுமே அடித்து முடிக்கக்கூடிய 12 எழுத்துச் சொல் ஒன்று இருக்கிறது. அதில் எஸ் மட்டும் நான்கு தடவை வரும். விமானத்தில் நமக்குக் காபி கொண்டுவந்து கொடுக்கும் பெண்களுக்கு முன்பு சொன்ன பெயர், பன்மையில். வணக்கம்.