முழங்கால் தண்ணீரில் மீன்

வணக்கம் நேயர்களே. பயணம் போகிற இடத்தில் கடற்கரையிலேயே மீன் பிடித்து, அங்கேயே சுட்டுச் சாப்பிடுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து மலேசியாவுக்குப் போகும் காஸ்வே பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் எங்கள் காரின் பின்பெட்டியில் ஒரு தூண்டிலும் ஒரு ஐஸ் பெட்டியும் இருக்கும். உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் என்று மூன்று சின்ன டப்பாக்களும் இருக்கும். அப்பா ஆரம்பித்து வைத்த பழக்கம் இது. இப்போது அந்த டப்பாக்களை என் பேத்தி எடுத்து வைக்கிறாள்.

நம்மில் நிறையப் பேர் முதன்முதலில் தூண்டில் பிடித்தது பிடோக் படகுத்துறையில்தான் இருக்கும். 1966இல் கட்டிய துறை அது. ராத்திரி பதினொரு மணிக்குப் போனாலும் யாராவது ஒரு அங்கிள் மடக்கு நாற்காலி போட்டு, தூண்டில் நுனியில் மணியைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். அங்கே தண்ணீர் ஆழம். ஈயக்குண்டை நேராகக் கீழே இறக்கினாலும் சரி, தூர வீசினாலும் சரி, ஏதாவது கடிக்கும். அதே பழக்கத்தோடு நாம் மலேசியாவில் தேசாருவுக்கோ மெர்சிங் பக்கமோ போய் மணல் கரையில் நிற்கிறோம். உடம்பில் இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து எட்டி வீசுகிறோம். ஒன்றும் வருவதில்லை. நான் இன்றைக்குச் சொல்ல வந்ததே அதைத்தான். எட்டி வீசாதீர்கள். முதலில் கால் மணி நேரம் சும்மா நின்று கடலைப் பாருங்கள்.

இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு மலாய்ப் பாட்டி. அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

1976, ஜூன் பள்ளி விடுமுறை. அப்பாவுக்குச் செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் வேலை. நான்கு நாள் லீவு போட்டுவிட்டு எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கோத்தா திங்கி, ஜமாலுவாங் வழியாக மெர்சிங். அதற்குக் கொஞ்சம் வடக்கே ஆயிர் பாப்பான் என்று ஒரு கடற்கரை. சவுக்கு மரம், நீளமான மணல், எதிரே தென்சீனக் கடல். மறுநாள் காலை ஆறு மணிக்கே அப்பா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டார். வீசுகிறார், சுற்றுகிறார், மறுபடியும் வீசுகிறார். சிங்கப்பூர் தேக்கா சந்தையிலிருந்து வாங்கி வந்த இறால் இரை தொட்டது தொட்டபடி திரும்பி வருகிறது. அம்மா மீன் பொரிக்க எண்ணெய்ச் சட்டியை எடுத்து வைத்தவர், ஒன்பது மணிக்கு அதை மறுபடியும் சாக்கில் கட்டிவிட்டார்.

அப்புறம்தான் நான் சொன்ன அந்த மலாய்ப் பாட்டி வந்தார். பாத்தேக் சாரோங்கை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தார். கையில் தூண்டில் கம்பு கிடையாது. ஒரு பழைய பால் டின், அதைச் சுற்றித் தங்கூசி என்கிற தூண்டில் நரம்பு, நுனியில் சின்ன முள், பட்டாணி அளவு ஈயம், அவ்வளவுதான். வந்தவர் உடனே வீசவில்லை. குதிகாலால் ஈர மணலைத் திருகித் திருகித் தோண்டினார். நகத்தளவு சிப்பிகள் வெளியே வந்தன. ரெமிஸ் என்பார்கள், மட்டி இனம். அதை உடைத்து முள்ளில் கோத்துக்கொண்டு மறுபடியும் கடலைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. இவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு முழங்கால் தண்ணீரில் நின்று, பத்தடி தூரத்தில் மெல்லப் போட்டார். ஆமாம், பத்தடிதான்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. சாண் நீளக் கிழங்கான் ஒன்று வெள்ளிக் குச்சி மாதிரி துள்ளிக்கொண்டு வந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. அப்பா கம்பை மணலில் குத்தி வைத்துவிட்டு அவரிடம் போய் மலாயில் கேட்டார். அந்தப் பாட்டி சொன்ன பதிலை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்: "நீ மீனைத் தாண்டி வீசுகிறாய்."

அவர் கையை நீட்டிக் காட்டியதை அப்படியே சொல்கிறேன், நீங்கள் மனசில் பார்த்துக்கொள்ளுங்கள். தூரத்தில் ஒரு வரிசையாக அலை உடைந்து வெள்ளையாக நுரைக்கிறது. அது மணல் மேடு. கரையோரம் மறுபடியும் உடைகிறது. நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கொஞ்சம் கறுத்த நிறமாகக் கிடக்கிறது. ஏன் உடையவில்லை? அங்கே பள்ளம். ஆழம் குறைகிற இடத்தில்தான் அலை உடையும். கடல் நீர் ஏறும்போது மணலிலிருந்து புழுவும் மட்டியும் குஞ்சு நண்டும் கிளறப்பட்டு அந்தப் பள்ளத்தில் வந்து சேரும். மீனும் அதற்காகக் கரைக்கு இணையாக அதே பள்ளத்தில் போய்வரும். நம் கடைவீதி ஐந்தடிப் பாதை மாதிரி அது மீனுக்கு நடைபாதை. அப்பாவின் இரை அதைத் தாண்டி மேட்டில் விழுந்துகொண்டிருந்தது. நீர் வற்றியிருக்கும் நேரத்தில் ஒருமுறை போய்ப் பள்ளம் எங்கே என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஏறத் தொடங்கியதும் அங்கே போடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் அதிகமாக ஏறி இறங்கும், பள்ளம் இன்னும் நன்றாகத் தெரியும். இரையையும் அந்தக் கரையிலேயே தேடுங்கள். அங்கே இருக்கிற மீன் அங்கே இருப்பதைத்தான் தின்கிறது.

சமையலும் அவரிடம் கற்றதுதான். தேங்காய் மட்டையைக் கொளுத்தினார். தீ எரியும்வரை மீனைக் கிட்டே கொண்டுபோகவில்லை. ஜுவாலை அடங்கி, மேலே சாம்பல் பூத்துத் தணலானதும்தான் கையில் எடுத்தார். குடலை எடுத்துக் கடல் தண்ணீரில் ஒரு அலசு. பிளந்த தென்னை மட்டைக் குச்சியில் மீனை இடுக்கி, இரண்டு முனையையும் கட்டித் தணலுக்கு மேல் சாய்த்து நட்டார். நாம் கம்பி வலையில் சுட்டால் வலையை நன்றாகக் காயவிட்டு எண்ணெய் தடவ வேண்டும். வேகாத மீன் வலையில் ஒட்டிக்கொள்ளும், வெந்ததும் தானாகவே விட்டுவிடும். ஆகவே அவசரப்பட்டுத் திருப்பாதீர்கள். கண் வெள்ளையாகித் துருத்திக்கொண்டு, முதுகு முள்ளிலிருந்து சதை கழன்று வந்தால் சரி. தொட்டுக்கொள்ள ஆயிர் ஆசாம் கலக்கினார். புளித் தண்ணீரில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சுட்ட பெலாச்சான், அதாவது இறால் விழுது. அம்மா மூட்டையில் இருந்த பழைய சோற்றைப் பிரித்தார். மணலில் உட்கார்ந்து எல்லாரும் சாப்பிட்டோம். அந்தக் கிழங்கானின் தோல் நாக்கில் பட்டது இன்னும் நினைவிருக்கிறது. உப்புத் தனியாகப் போடவே இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரம் காட்டுகிறார்கள். அவசியமானதைச் சொல்லிவிடுகிறேன். பேத்தை மீன், உப்பிக்கொள்ளுமே, மலாயில் புந்தால், அதை எவ்வளவு வேகவைத்தாலும் விஷம் போகாது, தொடாதீர்கள். ஓரா மீனின் முள்ளும் செம்பிலாங் கெளுத்தியின் முள்ளும் விஷ முட்கள். என் தம்பி ஒருமுறை செம்பிலாங்கிடம் குத்து வாங்கிக் கை வீங்கி அழுதான். குத்திவிட்டால் தோல் பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், கையை அமிழ்த்தி வைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். கானாங்கெளுத்தி போன்ற மீனைப் பிடித்தவுடன் ஐஸில் போட வேண்டும். வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் உண்டாகும், அதுவும் சமைத்தால் போகாது. ஐஸ் பெட்டி இல்லாமல் நான் கிளம்பாததற்கு அதுதான் காரணம்.

போகிற ஊரின் விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். மலேசியாவின் தியோமான் தீவு கடல் பூங்கா, அந்தத் தீவைச் சுற்றி 2 கடல் மைலுக்குள் மீன் பிடிக்கவே கூடாது. பெர்த்தில் கரையிலிருந்து தூண்டில் போட உரிமம் வேண்டாம், ஆனால் மீனின் அளவுக்கும் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. சிட்னியில் உரிமம் வாங்கியாக வேண்டும். நம் ஊர்ப் பூங்காக் கரைகளில் மீன் பிடிக்க அனுமதித்த இடங்களில்தான் பிடிக்கலாம், பார்பிக்யூ குழியில்தான் தீ மூட்டலாம்.

தலைக்குழம்பு பற்றி ஐந்து நிமிடம் பேச நினைத்திருந்தேன். ஒரே நிமிடம்தான் இருக்கிறது. சுட்ட மீனின் தலையை எறியாதீர்கள் நேயர்களே. சட்டியில் வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, மிளகாய்த்தூளும் மஞ்சளும் போட்டு, புளி கரைத்து ஊற்றிப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிடுங்கள். தலையைக் கடைசியில் போடுங்கள். போட்டபின் கரண்டி வேண்டாம், துணியால் சட்டியின் காதைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றுங்கள், போதும். தேங்காய்ப்பால் சேர்ப்பவர்கள் இறக்கும்போது சேர்க்கலாம், நான் சேர்ப்பதில்லை. நேரமாகிவிட்டது. வணக்கம்.