எஞ்சின் தாங்கினால் ஜெயிக்கலாம்

நேயர்களுக்கு வணக்கம்.

விமானத்தில் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். மேலே ஏறி நிலைக்கு வந்ததும், எதிரே உள்ள சின்னத் திரையில் வேகம் மணிக்கு 850 கிலோமீட்டர் என்று காட்டும். நாம் பாட்டுக்குக் காபி குடித்துக்கொண்டிருப்போம். தரை பத்துக் கிலோமீட்டர் கீழே இருப்பதால் வேகமே உறைக்காது. அதே 850 கிலோமீட்டர் வேகத்தில், தரையிலிருந்து நூறு மீட்டருக்குள், தனி ஆளாக ஒருவர் 1989-ல் பறந்தார். ஜெட்டில் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் புரொப்பெல்லர் விமானத்தில். உள்ளே இருந்தது பிஸ்டன் எஞ்சின்தான். அவர் பெயர் லைல் ஷெல்டன். அவரிடம் வருவதற்கு முன்னால் பந்தயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து ரீனோ நகரம். பில் ஸ்டெட் என்ற பண்ணைக்காரர் 1964-ல் அங்கே விமானப் பந்தயத்தைத் தொடங்கினார். பாலைவனத்தில் கம்பங்களை நட்டு, அவற்றைச் சுற்றிப் பறக்க வேண்டும். முதல் ஆண்டு வெற்றிபெற்ற மீரா ஸ்லோவாக் வந்த கதை தெரியுமா? 1953-ல் கம்யூனிஸ்ட் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஒரு பயணிகள் விமானத்தையே மேற்கு ஜெர்மனிக்கு ஓட்டிக்கொண்டு தப்பி வந்தவர் அவர்! அது தனிக் கதை, விட்டுவிடுவோம்.

இந்தப் பந்தயத்தில் உச்சப் பிரிவுக்கு அன்லிமிடெட் என்று பெயர். பிஸ்டன் எஞ்சின் இருக்க வேண்டும், குறைந்தபட்ச எடை இருக்க வேண்டும். மற்றபடி உங்கள் பணமும் துணிச்சலும்தான் எல்லை. பந்தயம் ஆகாயத்திலேயே தொடங்கும். பல ஆண்டுகள் பாப் ஹூவர் என்ற புகழ்பெற்ற விமானி எல்லோரையும் ஒரே வரிசையில் அழைத்து வருவார். வரிசை சரியாக இருக்கிறதென்று பட்டதும், "ஜென்டில்மென், யூ ஹேவ் எ ரேஸ்" என்று வானொலியில் சொல்லிவிட்டு, தான் மட்டும் செங்குத்தாக மேலே விலகிப் போவார். அவ்வளவுதான், மற்றவர்கள் முதல் கம்பத்தை நோக்கிப் பாய்வார்கள்.

இனி எஞ்சினுக்கு வருவோம். எனக்கு இந்தப் பந்தயத்தில் பிடித்ததே இந்த இடம்தான். மஸ்டாங் என்ற அமெரிக்கப் போர் விமானத்தின் மெர்லின் எஞ்சின் 27 லிட்டர். போர்க்காலத்தில் சுமார் 1,500 குதிரைத்திறன் கொடுக்க வடிவமைத்தது. பந்தயத்தில் அதிலிருந்து 3,000-க்கு மேல் பிழிந்தெடுப்பார்கள். காற்றை அளவுக்கு மீறி உள்ளே திணிப்பார்கள். சூடு தாங்காமல் வெடித்துவிடாமலிருக்க, எரிபொருளோடு தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்து பீய்ச்சுவார்கள். ரேடியேட்டர்மேல் தனியாகத் தண்ணீர் தெளித்து ஆவியாக விடுவார்கள். அந்தத் தண்ணீர் தீர்ந்துபோனால் வேகமும் தீர்ந்தது. எதிரி யார் என்று கேட்டால் பக்கத்தில் பறப்பவனைத்தான் காட்டுவோம். உண்மையான எதிரி விமானியின் மூக்குக்கு முன்னாலேயே உறுமிக்கொண்டிருக்கிறது. கடைசிச் சுற்றுவரை எஞ்சின் தாங்குமா? இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலக வேகச் சாதனைக்கு வேறு முறை. மூன்று கிலோமீட்டர் நேர்கோட்டில் போகவும் வரவும் பறந்து சராசரி எடுப்பார்கள். ஒரு திசையில் காற்று தள்ளிவிட்டாலும் எதிர்த்திசையில் தடுக்குமே, அதற்காக. 1939-ல் ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் வெண்டல் மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்தில் 755 கிலோமீட்டர் தொட்டார். பிஸ்டன் எஞ்சினில் அதை முறியடிக்க முப்பது ஆண்டு ஆயிற்று. ஜெட் வந்தபின் யாருக்கு அதில் அக்கறை? டாரில் கிரீனமையருக்கு இருந்தது. லாக்ஹீட் நிறுவனத்தின் சோதனை விமானி. பகலில் உலகின் அதிவேக ஜெட்டுகளை ஓட்டிவிட்டு, ஓய்வு நேரத்தில் பேர்கேட் என்ற பழைய கடற்படைப் போர் விமானத்தை இழைத்துக்கொண்டிருந்தவர். 1969-ல் 777 தொட்டார். பத்து ஆண்டு கழித்து, இளைஞர் ஸ்டீவ் ஹின்டன் ரெட் பேரன் என்ற மஸ்டாங்கில் 803. அடுத்த மாதமே ரீனோவில் எஞ்சின் கைவிட்டு அதே விமானம் நொறுங்கியது. ஹின்டன் பிழைத்தது பெரிய அதிசயம். பார்த்தீர்களா, எஞ்சின்!

சரி, ஷெல்டன். முன்னாள் கடற்படை விமானி. பிழைப்புக்குப் பயணிகள் விமானம் ஓட்டியவர். 1969-ல் இண்டியானா மாநிலத்தில் ஒரு சிறு விமானத் தளத்துக்குப் பக்கத்து வெளியில், விபத்தில் சிக்கிய ஒரு பேர்கேட் கேட்பாரற்றுக் கிடந்தது. எஞ்சின் கிடையாது, கழற்ற முடிந்ததையெல்லாம் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நாமாக இருந்தால் இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டிருப்போம். ஷெல்டன் விலை கொடுத்து வாங்கினார். அங்கிருந்து ஒன்று இங்கிருந்து ஒன்றாகப் பாகம் சேர்த்து, அந்த ஆண்டே ரீனோவில் பறக்கவும் விட்டார். எஞ்சின் எது? பேர்கேட்டுக்கு உரியது 46 லிட்டர். இவர் மாட்டியது, அந்தக் காலப் பெரிய பயணிகள் விமானங்களை இழுத்த 55 லிட்டர் ரைட் எஞ்சின். கடைகளில் மலிவாகக் கிடைத்தவற்றை வைத்துச் செய்த இந்த விமானம், 1972-ல் 3,000 மீட்டர் உயரத்தை 91.9 விநாடியில் ஏறிச் சாதனை படைத்தது. பிறகு ஒருமுறை வயிற்றால் தரையிறங்கி, சில ஆண்டு முடங்கியும் கிடந்தது. மீண்டு வந்தபோது அதன் பெயர் ரேர் பேர். 1989 ஆகஸ்டில், நியூ மெக்சிகோ மாநிலத்தில், 850 கிலோமீட்டர்!

அவருக்கு வாய்த்த போட்டியாளர் கலிஃபோர்னியா விவசாயி, 'டைகர்' டெஸ்டெஃபானி. விமானம் ஸ்ட்ரேகா என்ற மஸ்டாங். இரண்டும் இரு துருவங்கள். ரேர் பேருக்கு அகன்ற முகம், காற்றால் குளிரும் எஞ்சின், முரட்டு பலம். ஸ்ட்ரேகாவுக்கு ஒல்லி மூக்கு, தண்ணீரால் குளிரும் மெர்லின், பாதி அளவு எஞ்சினில் இருமடங்கு கவனம். 1987 முதல் 1997 வரை பதினோரு ஆண்டு, அன்லிமிடெட் பிரிவின் தங்கக் கோப்பைக்கான பந்தயத்தில் இந்த இரண்டு விமானங்களைத் தவிர வேறெதுவும் ஜெயிக்கவில்லை. ஸ்ட்ரேகா ஆறு, ரேர் பேர் ஐந்து. 1991-ல் ஷெல்டன் பந்தயம் முழுவதும் சராசரி 775 கிலோமீட்டரில் சுற்றி வென்றார். கிரீனமையர் நேர்கோட்டில் உலகச் சாதனைக்காகப் பறந்த வேகத்தை, இவர் வளைந்து வளைந்து கம்பம் சுற்றும்போதே ஏறக்குறையத் தொட்டுவிட்டார்!

அப்புறம், இதில் உயிர்ப்பலியும் உண்டு. வாலில் டிரிம் டேப் என்று சின்னத் துண்டு ஒன்று உண்டு. அந்த வேகத்தில் மூக்கு மேலே போகாமல் பிடித்துவைப்பது அதுதான். 1998-ல் முன்னாள் மோட்டோகிராஸ் பைக் பந்தய வீரர் பாப் ஹானா ஓட்டிய வூடூ விமானத்தில் அது பிய்ந்துபோனது. விமானம் வானத்தைப் பார்த்து எகிறியது. பஸ் வளைவில் திரும்பும்போது உடம்பு ஒருபக்கம் தள்ளப்படுமே, அதைப் பல மடங்காக்கிக் கீழ்நோக்கி அழுத்தினால் எப்படி இருக்கும்? பத்து மடங்கு எடை. நினைவு தப்பிவிட்டது. கண் விழித்தபோது வெகு உயரத்தில் இருந்தார், பத்திரமாக இறங்கினார். 2011-ல் கேலப்பிங் கோஸ்ட் என்ற மஸ்டாங்கை ஓட்டிய ஜிம்மி லீவர்டுக்கு அந்த யோகம் இல்லை. அவரோடு சேர்த்துப் பதினொருவர் இறந்தனர், பத்துப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். புதிதாக மாற்ற வேண்டிய டிரிம் டேப் நட்டுகளையே மறுபடி பூட்டியிருந்ததால் அவை தளர்ந்திருந்தன என்று விசாரணை சொன்னது. சில்லறை விலை நட்டு. எனக்கு இன்னும் ஆறவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. ரேர் பேரை முறியடித்தது யார் என்பதை விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கிவிடுகிறேன். 2017-ல் அதே வூடூ விமானத்தில், ஐடஹோவில், ஸ்டீவ் ஹின்டனின் மகன் 855 தொட்டார். பழைய சாதனையை ஒரு சதவீதமாவது தாண்ட வேண்டும் என்பது விதி. அந்தக் கணக்கில் சுமார் மூன்று கிலோமீட்டர் குறைவு. ஆனால் இதற்கிடையே எடைவாரியாகப் பிரிவுகள் வந்துவிட்டதால், அந்த எடைப் பிரிவின் சாதனையாக ஏற்றார்கள். என்னைக் கேட்டால் ஷெல்டன் பக்கம்தான் நான். ரீனோவில் கடைசிப் பந்தயம் 2023-ல் நடந்தது. 2025-ல் நியூ மெக்சிகோவின் ராஸ்வெலுக்கு மாறியது. மெர்லினுக்கு உதிரிபாகம் இன்னும் எங்கே கிடைக்கிறது என்பதை இன்னொரு நாள் பேசுவோம். வணக்கம்.