எட்டாம் மாதமும் கிழமைக் கணக்கும்

(வெள்ளவத்தையில் தாய்மாருக்கான கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அம்மாமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். பின்னுக்குச் சுவரோடு நிற்கிற மருமக்களே, முன்னுக்குக் கதிரை இருக்கு, வந்து இருங்கோ. இது உங்களுக்கும் சேர்த்துச் சொல்லுகிற கதைதான்.

"ஏழு மாதப் பிள்ளை தப்பும், எட்டு மாதப் பிள்ளை தப்பாது." இதைக் கேள்விப்படாதவர் யாராவது இருந்தால் கையை உயர்த்துங்கள். ஒருவரும் இல்லை. நானும் அம்மம்மாவின் வாயால் கேட்டு வளர்ந்தவள்தான். பிறகு குறைமாதக் குழந்தைகளின் அறையில் வருடக்கணக்காக இரவும் பகலும் நின்றேன். ஏழில் பிறந்த பிள்ளையோடுதான் நாங்கள் மல்லுக்கட்டினோம். எட்டில் பிறந்தவை பெரும்பாலும் எங்களுக்கு அவ்வளவு வேலை வைக்கவில்லை.

அது சரி, எட்டு மாதம் என்றால் எத்தனை நாள்? "பத்து மாதம் சுமந்து பெற்றேன்" என்கிறோமே, அந்த மாதத்துக்கு 28 நாள். 10 மாதத்துக்கு 280 நாள், 40 கிழமை. சுவரில் தொங்குகிற கலண்டரில் எண்ணினால் அதே 280 நாள் ஒன்பது மாதமும் ஒரு கிழமையும் ஆகும். ஒரு வீட்டில் மாமி ஒரு கணக்கு, மருமகள் இன்னொரு கணக்கு. வாட்டுக்கு வந்து "எட்டு நடக்குது டொக்டர்" என்றால் அது 29 கிழமையாகவும் இருக்கலாம், 34 கிழமையாகவும் இருக்கலாம். 29 என்றால் மூச்சுக்கு இயந்திரம் ஆயத்தமாக வேண்டும். 34 என்றால் பலநேரம் பால் உறிஞ்சப் பழக்குகிற வேலைதான். இரண்டுக்கும் நடுவில் மலையும் மடுவும் போல வித்தியாசம்.

அந்த வித்தியாசம் நுரையீரலில் இருக்கிறது. 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான், பற்றிக் என்று பெயர். ஐந்தரைக் கிழமை முந்திவிட்டான், கலண்டர் கணக்கில் எட்டாம் மாதப் பிள்ளை. நிறை 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. நாட்டின் முதல் குடும்பம், பொஸ்டனில் பெரிய வைத்தியசாலை, எல்லாம் இருந்தும் 39 மணித்தியாலத்தில் போய்விட்டான். நுரையீரலின் சின்னச்சின்னக் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே சவர்க்கார நுரை மாதிரி ஒரு பூச்சு வேண்டும். அவனுக்கு அது ஊறவில்லை. அன்றைக்கு அதற்கு மருந்தும் இல்லை.

மருந்து வந்த வழியும் கேட்கச் சுவையானது. நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற வைத்தியர் ஆட்டுக்குப் பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். வயிற்றுக்குள் இருக்கையிலேயே ஸ்டீரொயிட் மருந்து ஏற்றிய குறைமாத ஆட்டுக்குட்டி, இருக்கவேண்டியதைவிடக் கூடுதல் நேரம் மூச்செடுத்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவரும் ஹோவி என்பவரும் தாய்மாருக்கு ஸ்டீரொயிட் ஊசியைப் போட்டுப் பார்த்து 1972இல் எழுதினார்கள். இன்றைக்கும் அதே வகை ஊசிதான். விலை மலிவு. 24 கிழமையிலிருந்து 34 கிழமைக்குள் பிள்ளை முந்தும் போல இருந்தால் தாய்க்குப் போடுவார்கள். ஆனால் அது வேலை செய்ய நேரம் வேண்டும், ஒரு முழு நாள் கிடைத்தால் நல்லது.

அந்த ஒரு நாளைத்தான் எங்கள் சனம் வீட்டில் கரைத்துவிடுகிறது. பனிக்குடம் உடைந்து 30 கிழமையில் ஒரு தங்கச்சி. "வழக்கமாகக் காட்டுகிற இடம்" என்று பக்கத்துச் சின்ன இடத்துக்குக் கூட்டிப்போய் இருக்கிறார்கள். பெயர் வேண்டாம். அங்கே பிள்ளை பிறந்த பிறகுதான் எங்களுக்கு போன். அம்புலன்ஸில் வந்து இறங்கியபோது பிள்ளையின் கால் ஐஸ் மாதிரி. உடம்புச் சூடு 36.5க்குக் கீழே போனாலே நாங்கள் பதறுவோம். அந்தப் பிள்ளைக்கு 34. தாயின் வயிற்றைவிட நல்ல அம்புலன்ஸ் இல்லை. வயிற்றில் வைத்தே கொண்டுவாருங்கள். பொரளைப் பக்கத்தில் காசல் வீதி மகளிர் வைத்தியசாலை இருக்கிறது, 1879இல் தொடங்கிய டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலை இருக்கிறது. பிரசவ அறையும் குறைமாதக் குழந்தைகளின் பிரிவும் ஒரே வளவில். பிறந்த பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை வேண்டுமென்றால் லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை கிட்டத்தில்.

இனிக் கோபிக்காமல் கேளுங்கள். மூன்று மாதம் முடியும் வரைக்கும் வெளியில் சொல்லக்கூடாது, நாவூறு பட்டுவிடும் என்று வைத்திருக்கிறோம். ஊருக்குச் சொல்லவேண்டாம். மிட்வைஃப் மிஸ்ஸிக்குச் சொல்லுங்கள், எட்டுக் கிழமைக்கு முன்னம். முதல் மூன்று மாத ஸ்கேனில் கிழமைக் கணக்கு ஒரு கிழமைக்கு மேல் பிசகாது. ஏழாம் மாதத்தில் போய் எடுத்தால் இரண்டு மூன்று கிழமை இழுபடும். பிரஷர் ஏறக்கூடிய தாய்மாருக்குச் சின்ன அஸ்பிரின் குளிசை தொடங்குவதும் 12ஆம் கிழமையை ஒட்டித்தான். ஒளித்துவைத்தால் அதுவும் போச்சு.

பிரஷர் என்றதும் ஒன்று. 140க்கு 90 வந்தால் கிளினிக்கில் உடனே சலம் பரிசோதிப்பார்கள், புரதம் போகிறதா என்று. வீட்டில் பார்க்கவேண்டியது வேறு. விடாத தலையிடி, கண்ணுக்குள் மின்னுகிறது, நெஞ்சுக்குழிக்குக் கீழே நோ. அந்த நோவை "வாய்வு" என்று சொல்லி ஓமத்தண்ணி அவித்துக் கொடுத்துவிட்டு, வலிப்பு வந்தபிறகு கொண்டுவந்த வீடுகளை எனக்குத் தெரியும். சிங்களம் வராவிட்டால் தலையையும் கண்ணையும் தொட்டுக் காட்டுங்கள். 'ஹிசரதய' என்ற ஒரு சொல்லையாவது பாடமாக்கி வையுங்கள், தலையிடிக்கு அதுதான். வலிப்பை மறிக்க மக்னீசியம் சல்பேற் இருக்கிறது. ஆனால் வருத்தம் முழுதாக இறங்க பிள்ளை பிறக்கவேண்டும். 31 கிழமையில் அப்படி வந்தால் நிபுணர் ஒரு கையில் தாயையும் மறு கையில் பிள்ளையின் நுரையீரலையும் வைத்து நாள் நாளாக நிறுக்கிறார். அவர் "இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்" என்றால் சும்மா இழுத்தடிக்கிறார் என்று எண்ணாதீர்கள்.

இதற்கு நேர்மாறு, ஒரு வருத்தமும் இல்லாமல் நட்சத்திரம் பார்த்துச் சிசேரியன் கேட்பது. ஒரு பெரியவர் 37 கிழமையில் நாள் குறித்துக்கொண்டு வந்தார். சம்பந்தி வேறு பஞ்சாங்கம். வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நட்சத்திரம் மாறுகிறது, வராந்தாவில் ஒரே சண்டை. குத்து வராமல் 39 கிழமைக்கு முன்னம் வெட்டி எடுத்தால் நுரையீரலில் தண்ணீர் நின்று பிள்ளை இளைக்கக்கூடும். நல்ல நேரத்தில் பிறந்த எத்தனையோ பேர் எங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து படுத்தார்கள்.

அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் தாய்க்கு என்ன வேலை? பால். முதல் நாள் பிழிந்தால் கரண்டியின் அடி நனைகிற அளவுதான் வரும். "இவ்வளவுதானா மிஸ்ஸி?" என்று ஒரு பிள்ளை வெட்கப்பட்டு அழுதாள், 31 கிழமையில் பெற்றவள். மகள் 1 கிலோ 240 கிராம். அந்த மஞ்சள் பாலை ஊசிக்குழாயில் எடுத்தேன், ஒரு மில்லிலீற்றர். மூக்கால் போகிற குழாயில் பொருத்தி, தள்ளாமல், கையை உயர்த்திப் பிடித்தோம். தானாக இறங்கியது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். மாமியார் வாசலில் கற்கண்டுத் தண்ணீரோடு நின்றா, நல்ல காலம் உள்ளே விடவில்லை.

பிள்ளை கொஞ்சம் திடப்பட்டதும் தகப்பனைக் கூப்பிட்டோம். த்ரீவீல் ஓடுகிறவர். முழங்கை வரை கழுவி, சேட்டைத் திறந்து கதிரையில் சாய்ந்தார். பிள்ளையை நெஞ்சில் தவளை மாதிரி ஒட்டவைத்துத் துணியால் கட்டினோம். 1978இல் பொகோட்டாவில் பெட்டி போதாமல் ரே சனப்ரியா என்ற வைத்தியர் தொடங்கிய வழி இது. ஒரு மணித்தியாலம் அந்த மனுசன் அசையவில்லை.

முப்பத்தோராம் நாள் வந்தது. துடக்குக் கழிக்கவேண்டும், தலை மழிக்கவேண்டும் என்று பேச்சு. அப்போதும் அது 35 கிழமைப் பிள்ளை, வயிற்றுக்குள் இருந்திருக்கவேண்டியது. தடுப்பூசிக்குப் பிறந்த நாளை எண்ணுவோம்; கவிழ்வதற்கும் எழும்பி இருப்பதற்கும் 40 கிழமையிலிருந்துதான் எண்ணவேண்டும். கண் பரிசோதனைத் திகதியை மட்டும் விடாதீர்கள், குறைமாதப் பிள்ளையின் விழித்திரை பிந்தினால் கைவிட்டுப் போகும்.

40 கிழமை முடிந்த அன்று கிளினிக்குக்குக் கொண்டுவந்தார்கள். 2 கிலோ 450. மாமியார் என்னைத் தனியக் கூப்பிட்டு, "மிஸ்ஸி, கணக்குக்கு இன்றைக்குத்தானே பிறந்தது, இன்றைய நட்சத்திரத்துக்குச் சாதகம் எழுதலாமா?" என்றா. "ஏன் அம்மா?" "அன்றைக்கு ஆயிலியம். மாமியாருக்கு ஆகாது."

"அந்த மாமியார் வர இன்னும் 25 வருசம் இருக்கு அம்மா, முதலில் பிள்ளையைத் தாங்கோ, நிறுக்கவேணும்" என்றேன்.